தொகுதி மடலில் விடுபட்ட பக்கங்கள்

நாளிதழுக்குள் செருகி வீடுவீடாக வந்து சேர்ந்திருக்கிறது எம்.எல்.ஏ.வின் தொகுதி மடல். வழவழத் தாள், நாலு வண்ண அச்சு. அட்டையில் தலைவர் பெரிதாக, தலைவரின் வாரிசு நடுத்தரமாக, மாவட்டச் செயலாளர் சிறிதாக, எல்லோருக்கும் கீழே கைகூப்பியபடி நம் சட்டமன்ற உறுப்பினர். யார் முகம் எத்தனை சென்டிமீட்டர் என்பதில் அச்சகத்துக்காரர் பிசகினால் அடுத்த தேர்தலில் சீட்டு போய்விடும். அதனால் அட்டையில் மட்டும் ஒரு பிழை இல்லை. எந்தத் தொகுதி, எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். 234இல் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், கரைவேட்டியின் கரையை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

உள்ளே புரட்டினேன். பயணிகள் நிழற்குடை. ஹைமாஸ் விளக்கு. பேவர் பிளாக் பதித்த சந்து. கலையரங்கம். சுடுகாட்டில் காத்திருப்போர் கூடம். போர் போட்டு, மோட்டார் மாட்டி வைத்த சின்டெக்ஸ் டேங்க். அந்த ஒரு டேங்குக்கு மூன்று படம்: பூமி பூஜை போட்டபோது, திறந்துவைத்தபோது, பிறகொரு நாள் அந்த வழியாகப் போனவர் காரை நிறுத்தி அதை அண்ணாந்து பார்த்து ‘ஆய்வு’ செய்தபோது. டேங்கில் தண்ணீர் இருக்கிறதா என்பது படத்தில் தெரியாது. அடுத்து சமூகப் பணி. காதுகுத்து, வளைகாப்பு, புதுமனை புகுவிழா, கருமாதி. தொகுதியில் யார் செத்தாலும் மாலையோடு போய் நிற்கிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இருந்திருந்தால் இந்த மாலைகளில் சிலவற்றை மிச்சப்படுத்தியிருக்கலாம். தலைவர் பிறந்தநாளுக்குக் கபடிப் போட்டி, கோலப் போட்டி, கண் பரிசோதனை முகாம். கடைசிப் பக்கத்தில் ‘வாய்ப்புகள்’ என்று தலைப்பிட்டு ஒரு வேலைவாய்ப்பு முகாம் அறிவிப்பு.

இத்தனை பக்கத்தில் சட்டம் என்கிற சொல் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது: அவருடைய பதவியின் பெயரில்.

நிழற்குடைகளின் கணக்கை முதலில் தீர்த்துவிடுவோம். தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். எம்.எல்.ஏ. பரிந்துரைக் கடிதம் கொடுப்பார். மாவட்ட ஆட்சியர் நிர்வாக அனுமதி தருவார். பொறியாளர் மதிப்பீடு போடுவார். டெண்டர், ஒப்பந்தக்காரர், பில். இதில் எம்.எல்.ஏ. போட்ட முதலீடு ஒரு லெட்டர்பேடு தாள். (அந்தத் தாளுக்கும் கடைசி பில்லுக்கும் நடுவில் வேறென்ன கைமாறுகிறது என்பதை டீக்கடையில் ஒப்பந்தக்காரர்கள் சதவீதத்தில் சொல்வார்கள். மடலில் அதற்குப் படம் இல்லை.) பணம் வரி கட்டியவனுடையது, நிழற்குடையின் நெற்றியில் பெயரோ இவருடையது. மழை வந்தால் கூரை ஒழுகும், பெயர் எழுதிய பலகை மட்டும் நனையாது.

2021 தேர்தலின்போது தமிழ்நாட்டில் ஏறத்தாழ 6.28 கோடி வாக்காளர்கள். 234ஆல் வகுத்தால் தொகுதிக்குச் சுமார் 2 லட்சத்து 68 ஆயிரம் பேர். இந்த 3 கோடியை அவர்களுக்குப் பங்கு போட்டால் தலைக்கு ஆண்டுக்கு 112 ரூபாய். தேர்தல் கூட்டத்துக்கு ஒருவரை வேனில் ஏற்றிப் போய்ச் சோறு போட்டு இறக்கிவிட இதைவிடக் கூடுதலாகச் செலவாகும்.

மாநில அரசு ஆண்டொன்றுக்குச் செலவிடுவது 3 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். அந்தச் செலவுக்கு அனுமதி தரும் இடம் சட்டப்பேரவை. அதாவது இவர் உட்காரும் இடம், இவர் மேசை தட்டும் இடம். 3 லட்சம் கோடியில் 3 கோடி என்பது லட்சத்தில் ஒன்று. அந்த ஒரு ரூபாய்க்கு நாலு வண்ணத்தில் மடல் அச்சடித்தவர், மீதி 99,999 ரூபாய் எங்கே போனது, தாம் எதற்குத் தலையாட்டினார் என்பது பற்றி வாயைத் திறக்கவில்லை. வரவுப் பக்கத்தில் 2023-24இல் மட்டும் 45,000 கோடி ரூபாய்க்கு மேல் டாஸ்மாக் கொடுத்தது. கழிப்பறை கட்டினால்கூட ரிப்பன் வெட்டுகிறவர்கள், அரசாங்கத்துக்கு இத்தனை சம்பாதித்துத் தரும் அந்தக் கடையை மட்டும் ஏன் ஒருநாளும் குத்துவிளக்கேற்றித் திறந்துவைப்பதில்லை? ஊரில் கல்லாக் கட்டும் ஒரே அரசு நிறுவனத்துக்கு ஒரு கல்வெட்டு கிடையாதா?

அவருக்கு வேலை அதிகம். ஆகவே மடலில் விடுபட்ட பக்கங்களை அவர் சார்பில் நானே எழுதித் தருகிறேன். ஒரு சிக்கல்: எந்த ஆட்சியைப் பற்றி எழுதினாலும் மற்றக் கட்சிக்காரர் ஓடிவந்து கைதட்டுவார். அதனால் நம் எம்.எல்.ஏ. இரண்டு ஆட்சியிலும் ஆளும் கட்சியில் இருந்தவர் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் இது கற்பனைக்கு எட்டாத விஷயமில்லை.

“தொகுதிப் பெருமக்களே,

சட்டம் இயற்றுவதுதான் என் முதல் வேலை என்று அரசியல் சட்டத்தில் இருப்பதாக என் பி.ஏ. சொன்னார். எனக்கே வியப்பாக இருந்தது. இனி அந்த விவரம்.

2017 பிப்ரவரியில் சில நாள் நான் தொகுதிப் பக்கம் வரவில்லை என்று குறைப்பட்டீர்கள். அப்போது ஆளும் கட்சி எம்.எல்.ஏ.க்களையெல்லாம் மொத்தமாகத் தங்கவைத்திருந்த கூவத்தூர் கடற்கரை விடுதியில் ஜனநாயகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். சாப்பாடு பிரமாதம். 18ஆம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பு. பிரதான எதிர்க்கட்சியை அவையிலிருந்து வெளியேற்றிவிட்டு எண்ணினார்கள். எங்கள் பக்கம் 122, எதிரே 11. நான் எப்படி வாக்களித்தேன் என்று உங்களுக்குத் திட்டவட்டமாகத் தெரிந்த நாள், என் நினைவில், அது ஒன்றுதான்.

அதே ஆண்டு ஜூலையில் நம் விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் இரண்டாம் சுற்றுப் போராட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் சுற்றில் மண்டை ஓட்டை ஏந்தியும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வாரத்தில் என் மாத ஊதியம் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ஆகிறது என்ற அறிவிப்பு பேரவையில் வந்தது. மேசையைத் தட்டித் தட்டி உள்ளங்கை சிவந்துவிட்டது. அதற்கான சட்டமுன்வடிவு 2018 ஜனவரியில் வந்தபோது அரசுப் போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள், நீங்கள் பஸ் இல்லாமல் நடந்துகொண்டிருந்தீர்கள். பஸ் ஓடத் தொடங்கிய கொஞ்ச நாளில், 20ஆம் தேதி, கட்டணம் உயர்ந்தது. எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க. எங்கள் ஊதிய உயர்வைக் கடுமையாக எதிர்த்தது. பிற்பாடு நான் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது பயந்துகொண்டே போனேன். சம்பளம் அப்படியேதான் இருந்தது. கொள்கை உறுதி என்றால் இதுதான்.

புதுக் கட்சியில் என் கன்னிப் பேச்சு மானியக் கோரிக்கையின்போது. எனக்குக் கொடுத்த நேரத்தில் தலைவரின் தந்தையிலிருந்து தொடங்கி முறைப்படி இறங்கிவந்தேன். தொகுதிப் பிரச்சினைக்கு வரும்போது மணி அடித்துவிட்டார்கள். என்னைப்போல் பலர். 2021 ஆகஸ்டில் முதல்வரே எழுந்து, ‘மானியக் கோரிக்கையில் என்னைப் புகழ்ந்து பேசினால் நடவடிக்கை எடுப்பேன்’ என்று சொந்தக் கட்சிக்காரர்களை எச்சரித்தார். திகைத்துப்போனேன். பிறகு என்னதான் பேசுவது? அடுத்த வாய்ப்பில் அந்த எச்சரிக்கையின் பெருந்தன்மையைப் புகழ்ந்தேன்.

2023 ஏப்ரல் 21, வெள்ளிக்கிழமை. ஆலைத் தொழிலாளரை நாளொன்றுக்கு 12 மணி நேரம் வேலை வாங்க வழிசெய்யும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் வந்தது. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்பு செய்தன. நான் ‘ஆம்’ என்றேன். திங்கட்கிழமை அதை நிறுத்திவைத்தார்கள். நான் அதற்கும் ‘ஆம்’ என்றேன். மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். அந்த வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவைப் பாராட்டித் தொகுதி முழுக்க சுவரொட்டி ஒட்டியவன் நான். ஒரு சட்டம் வந்ததற்கும் போனதற்கும் பத்தே நாளில் இரண்டு தடவை நன்றி சொல்லும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

அதே வெள்ளிக்கிழமை இன்னொன்றும் நிறைவேறியது. நில ஒருங்கிணைப்புச் சட்டம், சிறப்புத் திட்டங்களுக்கானது. விவாதம் இல்லை, சாப்பாட்டு நேரம் நெருங்கியிருந்தது. 100 ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் நடுவே ஏரி, ஓடை என்று இருந்தாலும் அரசு அதைச் சிறப்புத் திட்டமென்று அறிவித்து ஒருங்கிணைத்துக் கொடுக்கலாம் என்கிறார்கள். முழுதாகப் படிக்கவில்லை. நம் பெரிய ஏரிக்கரையில் நான் போட்டுக்கொடுத்த சிமென்ட் பெஞ்சின் படம் 9ஆம் பக்கத்தில் இருக்கிறது. ஏரி இருக்கும்வரை அதில் உட்கார்ந்து காற்று வாங்குங்கள்.

என்றும் உங்கள் பணியில்...”

இந்தப் பக்கங்களை எந்த எம்.எல்.ஏ.வும் அச்சடிக்க மாட்டார். அச்சடிக்கச் சொல்லிக் கேட்கவும் ஆளில்லை. பேரவையில் பெரும்பாலான சட்டங்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. ‘ஆம்’ என்போர் ‘ஆம்’ என்க, ‘இல்லை’ என்போர் ‘இல்லை’ என்க, நிறைவேறியது. யார் சொன்னார், யார் சும்மா இருந்தார், யார் வராந்தாவில் காபி குடித்துக்கொண்டிருந்தார் என்பதற்குப் பெயர்வாரியான பதிவு கிடையாது. கேள்வி நேரம் 2022 ஜனவரியில்தான் நேரலைக்கு வந்தது. அதற்கு முன்னால் நமக்குக் கிடைத்ததெல்லாம் வெட்டி ஒட்டிய காட்சிகள். போதாததற்கு 110ஆவது விதி. ஜெயலலிதா காலத்தில் திட்டங்கள் வரிசையாக அந்த விதியின் கீழ் வாசிக்கப்பட்டன. முதல்வர் வாசிப்பார், அதன்மீது விவாதம் கிடையாது. விவாதம் செய்யவென்று கட்டிய மண்டபத்தில் விவாதிக்கக் கூடாத அறிக்கையை வாசிப்பதை ஒரு விதி என்று எழுதிவைத்து, அதற்கு எண்ணும் கொடுத்திருக்கிறோம்.

கட்சித்தாவல் தடைச் சட்டம் 1985இல் வந்தது. தாவுகிறவர்களைப் பிடிக்க விரித்த வலையில் மாட்டிக்கொண்டவர்கள், சொந்தக் கட்சியின் மசோதாவை எதிர்த்து வாக்களிக்க நினைக்கும் நாலு பேர். தாவ நினைப்பவர் ராஜினாமா செய்துவிட்டு, சால்வை மாற்றிக்கொண்டு, இடைத்தேர்தலில் புதுச் சின்னத்தில் வந்துவிடுகிறார். இந்தச் சட்டத்தின்படி 2017 செப்டம்பரில் 18 எம்.எல்.ஏ.க்களை ஒரே உத்தரவில் தகுதிநீக்கம் செய்தார்கள். 2019 மே மாதம்வரை அந்த 18 தொகுதிகளுக்கும் எம்.எல்.ஏ. கிடையாது. இருபது மாதம். அத்தனை லட்சம் பேரின் குரல் இல்லாமலேயே பேரவை கூடியது, பட்ஜெட் போட்டது, சட்டம் போட்டது, மேசை தட்டியது. ஒரு மசோதாவும் ஒரு நிமிடம்கூடத் தாமதப்படவில்லை. 18 பேர் இல்லாத வித்தியாசம் தெரியவில்லை என்றால் இருக்கிற 216 பேர் எதற்கு என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். நாம் இடைத்தேர்தலுக்கு எவ்வளவு கொடுப்பார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தோம்.

மடலில் ‘உள்ளூர் மக்களுக்கான பணிகள்’ என்று எட்டுப் பக்கம் இருக்கிறதே, அந்த நிழற்குடையும் டேங்கும் பேவர் பிளாக்கும் யாருடைய வேலை? ஊராட்சியுடையது, நகராட்சியுடையது, வார்டு உறுப்பினருடையது. ஐந்தாண்டு முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டுமென்று அரசியல் சட்டம் நிபந்தனை போட்டிருக்கிறது. இங்கே என்ன நடந்தது? உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. தேர்தல் அறிவிப்பு விதிப்படி இல்லையென்று உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. திருத்தி மறுபடி நடத்த எத்தனை நாளாகும்? கிராமப்புறத்தில் பெரும்பாலான மாவட்டங்களுக்கு 2019 டிசம்பர்வரை ஆனது. மீதி 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர். நகரங்களுக்கு 2022 பிப்ரவரி 19. சென்னை மாநகராட்சிக்கு ஒரு மேயரின் முழுப் பதவிக்காலத்தைவிட அதிக நாள் மேயரே கிடையாது. அந்த இடைவெளியில் புயல் வந்தது, வெள்ளம் வந்தது, கொரோனா வந்தது, வார்டு உறுப்பினர் மட்டும் வரவில்லை.

இதற்குச் சட்டத்தில் இடம் இல்லையே என்பீர்கள். இடம் உண்டாக்கினார்கள். தேர்ந்தெடுத்த உறுப்பினர்களுக்குப் பதிலாக அரசு அமர்த்திய தனி அலுவலர்களின் காலத்தை நீட்டித்து நீட்டித்துப் பேரவைக்குச் சட்டத் திருத்தம் வந்தது. நம் ஆள் ‘ஆம்’ என்றார். ஆட்சி மாறியது. 27 மாவட்டங்களில் தேர்ந்தெடுத்த ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்தது. மறுபடியும் தனி அலுவலர். மறுபடியும் சட்டத் திருத்தம். மறுபடியும் ‘ஆம்’. அன்று இதைக் கண்டித்து அறிக்கை விட்டவர்களே இன்று இதைச் செய்தார்கள். அன்று இதைச் செய்தவர்களே இன்று கண்டித்து அறிக்கை விட்டார்கள். அறிக்கையை எழுதிய கணினியில் பெயரை மட்டும் மாற்றினால் போதுமாக இருந்திருக்கும்.

ஊராட்சித் தலைவர் இருந்தால் குழாய் உடைந்ததற்கு மக்கள் அவர் வீட்டுத் திண்ணைக்குப் போவார்கள். இல்லாவிட்டால் எம்.எல்.ஏ. ஆபீஸ் வாசலில் மனுவோடு நிற்பார்கள். பிச்சைப் பாத்திரத்தைப் பிடுங்கிவைத்துக்கொண்டு, அதிலேயே கொஞ்சம் சோறு போட்டுப் படம் எடுத்துக்கொள்வதற்குப் பெயர் மக்கள் பணி. ஆண்டுக்கு ஆறு கிராம சபை உண்டு. குடியரசு நாள், தண்ணீர் நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி பிறந்தநாள், உள்ளாட்சி நாள். ஊர் கூடித் தீர்மானம் போட்டு, தேர்தலில் யாரும் தேர்ந்தெடுக்காத ஓர் அதிகாரியிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். மடலில் அதற்கும் ஒரு படம் உண்டு, எம்.எல்.ஏ. சிறப்பு அழைப்பாளர்.

கடைசியாக அந்த வாய்ப்புகள் பக்கம். தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம், கல்யாண மண்டபத்தில், ஞாயிறு காலை. பயோடேட்டா ஐந்து நகல், ஆதார், மதிய உணவு உண்டு. வரும் வேலைகள் என்னவென்று போன தடவை போனவர்கள் சொன்னார்கள்: செக்யூரிட்டி, டெலிவரி, ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி, இன்சூரன்ஸ் விற்பனை. பொறியியல் படித்த பிள்ளை பட்டத்தைக் காட்டி செக்யூரிட்டி தொப்பி வாங்கிக்கொள்கிறது, பின்னணியில் எம்.எல்.ஏ. சிரிக்கிறார், பணி நியமன ஆணையின் ஒரு முனையை அவர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். அரசு வேலை பற்றி மடலில் பேச்சில்லை. 2024இல் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 அறிவிப்பில் காலியிடம் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கு மேல். ஒரு நாற்காலிக்கு 320 பேருக்கு மேல். அரசு அலுவலகங்களில் எத்தனை மேசை காலியாகக் கிடக்கிறது, ஏன் நிரப்பவில்லை என்று கேட்க ஓர் இடம் உண்டு, கேள்வி நேரம் என்று பெயர். அந்த நேரத்தில் நம் உறுப்பினர் கேட்டது, தம் தொகுதிக்குப் புறவழிச்சாலை வருமா என்று. நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும் என்றார் அமைச்சர். நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

தொகுதியிலேயே சிறந்த வேலைவாய்ப்பை அந்தப் பக்கத்தில் ஏனோ சேர்க்கவில்லை. இடம் இருந்தால் இதையும் போடச் சொல்லுங்கள்:

பதவி: சட்டமன்ற உறுப்பினர். காலியிடம் 234. கல்வித்தகுதி தேவையில்லை, 25 வயது நிரம்பியிருந்தால் போதும். போட்டி மிகக் குறைவு. 2021இல் நின்றவர்கள் ஏறத்தாழ 4,000 பேர், இடத்துக்குப் பதினேழு, குரூப் 4 எழுதும் பிள்ளைகள் கேட்டால் பொறாமைப்படுவார்கள். ஊதியம் மாதம் 1,05,000. பதவி போனாலும் ஓய்வூதியம் உண்டு. 2003 ஏப்ரலுக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்த ஆசிரியரும் கிளார்க்கும் பழைய ஓய்வூதியம் கேட்டு இருபது ஆண்டுக்கு மேல் தெருவில் நின்றது இந்தப் பதவிக்குப் பொருந்தாது. எழுத்துத் தேர்வு கிடையாது. நேர்காணல் கட்சித் தலைமை அலுவலகத்தில். விருப்ப மனுக் கட்டணம் 2021இல் தி.மு.க.வில் 25,000, அ.தி.மு.க.வில் 15,000. தேர்தல் செலவுக்கு ஆணையம் வைத்திருக்கும் உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய். நேர்காணலுக்குப் போகிறவர்கள் இந்தத் தொகையைத் தப்பித்தவறிக்கூட உள்ளே சொல்லிவிட வேண்டாம். ‘எவ்வளவு செலவு பண்ணுவீங்க?’ என்பதுதான் அங்கே முதல் கேள்வி, நாற்பது லட்சம் என்று பதில் சொன்னவரை டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.